ஊசிக்கு முதல் கலண்டர்: நாட்பட்ட மைக்ரேனுக்குப் பொட்டொக்ஸ் போட்ட ஒரு வன்னி நோயாளி – நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளி எங்கள் கிளினிக்குக்கு வந்தபோதே தனக்கான மருந்தையும் தீர்மானித்துக்கொண்டுதான் வந்தார். கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையைச் சுற்றி ஊசி போடுகிறார்களாம். தலையிடி பாதியாகக் குறைந்துவிட்டதாம். "அந்தப் பொட்டொக்ஸை எனக்கும் எழுதித் தாங்கோ டொக்டர், காசு அவ அனுப்புறாவாம்" என்றார்.

கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. 2010இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நாட்பட்ட மைக்ரேனுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து அது. அவருக்கும் கடைசியில் அது போடப்பட்டது, பலனும் கிடைத்தது. ஆனால் அந்தப் பலனில் ஊசியின் பங்கு எவ்வளவு, ஊசிக்கு முதல் நடந்த வேலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இந்த நோயாளி ஒரு நல்ல வாய்ப்பைத் தந்தார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

நோயாளியும் நோயின் கதையும்

வயது 39. பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டிய ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை. கணவர் நெல்லும் கச்சானும் செய்கிறார். இரண்டு பிள்ளைகள்.

தலையிடி தொடங்கியது 15 வயதில். முதலில் மாதவிடாய்க்கு முந்திய நாளில் மட்டும் வரும். வலப்பக்கக் கன்னப்பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற மணம் வந்தாலே குமட்டும். சத்தி எடுத்து, இருட்டறையில் படுத்து நித்திரை கொண்டால் அடுத்த நாள் எழும்பிவிடுவார். இவரின் தாயாரும் இப்படித்தான், சேலைத் துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறும் நிலத்தில் படுப்பாராம். மைக்ரேன் குடும்பத்தில் இறங்கி வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2009இல் இறுதி யுத்தத்தின்போது, 25 வயதில், பிடரியின் வலப்பக்கம் ஒரு செல் (எறிகணை) துண்டு பட்டது. காயம் ஆறியது, துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு செட்டிக்குளத்தில் முகாம் வாழ்க்கை, மீள்குடியேற்றம், கூரையில்லாத வீடு என்று காலம் போனது. அந்த ஆண்டுகளில் தலையிடி மாதத்துக்கு நாலைந்து நாளாகி, எட்டுப் பத்தாகி, கடைசி மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்றாகிவிட்டது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பறைச் சத்தமும் தீவட்டி வெளிச்சமும் சன நெரிசலும் சேர்ந்தால் இரண்டு நாளைக்குப் பாய்தானாம்.

வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்தே இருந்தது: "பீஸ் உள்ளுக்க இருக்குத்தானே." ஓரிடத்தில் பீனிசம் என்று சொல்லிப் பலமுறை அன்டிபயோட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் கண்ணாடி மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நாவூறும் கழித்துப் பார்த்தாகிவிட்டது.

செல் துண்டு குற்றவாளியா?

வன்னியில் தலையிடியோடு வருபவரிடம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இங்கே எத்தனையோ பேர் உடம்பில் உலோகத்தோடுதான் வயலுக்கும் கடலுக்கும் போய் வருகிறார்கள். ஆகவே இதைச் சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று கையை விரித்தால் நோயாளி அடுத்த டொக்டரைத் தேடிப் போவார்.

எக்ஸ்ரேயில் துண்டு தெரிந்தது. தோலுக்கும் மண்டையோட்டுக்கும் இடையில், சில மில்லிமீற்றர் அளவு. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி வெளியில் யாரோ ஏற்கெனவே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். உடம்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று தெரியாதவரை அந்தக் காந்தத்துக்குள் அனுப்புவது ஆபத்து. இரும்புத் துண்டானால் அசையலாம், சூடேறலாம். எனவே சி.டி. ஸ்கான் எடுத்தோம். மண்டையோட்டில் உடைவு இல்லை, மூளையில் இரத்தக் கசிவோ கட்டியோ பழைய தழும்போ இல்லை. கண்ணின் உட்புறத்தைப் பார்த்ததில் நரம்புத்தட்டில் வீக்கம் இல்லை. இரத்த அழுத்தம் சரி. நரம்பு மண்டலப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, அதற்கு இரும்புச்சத்துக் குளிசை தொடங்கினோம்.

காயத்தால் வரும் தலையிடி என்று வகைப்படுத்த, காயம் பட்டு அல்லது நினைவு திரும்பி ஏழு நாளைக்குள் அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேச வகைப்பாட்டின் விதி. இவருக்கோ காயத்துக்குப் பத்து வருடம் முந்தியே தலையிடி இருந்தது. துண்டு கிடக்கும் இடத்தை அழுத்தினால் லேசான நோவு, அவ்வளவுதான். வழமையான தலையிடி அதனால் கிளம்பவில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் நித்திரையைக் கெடுத்து, மனதை இறுக்கி, இருந்த மைக்ரேனை மோசமாக்கியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த உலோகத்தை வெட்டி எடுத்தால் தலையிடி போகும் என்ற நம்பிக்கையைத்தான் கைவிடச் சொன்னோம். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் "அம்மாவுக்குப் பீஸ் இல்லைத்தானே ரீச்சர்?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

கலண்டர்

சுவரில் மாட்டுகிற கலண்டர் ஒன்றில் தலையிடி வந்த நாளுக்கு வட்டம், சத்தியோடு படுக்க வைத்த நாளுக்கு இரட்டை வட்டம், குளிசை போட்ட நாளுக்குப் புள்ளடி போடச் சொன்னோம். முன்பள்ளி ஆசிரியை என்பதால் நிறம் நிறமாகச் செய்து வந்தார். வட்டம் சிவப்பு, புள்ளடி நீலம்.

முதல் மாதத்தில் 22 வட்டம், அதில் 12 இரட்டை வட்டம். புள்ளடி 20.

மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேன் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட மைக்ரேன். அந்தக் கணக்கில் இவர் அடங்குகிறார். ஆனால் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது நீலப் புள்ளடிதான். அவர் போட்டது பரசிற்றமோலும் கஃபீனும் கலந்த குளிசை. அது போதாத நாளில் டைக்குளோபெனக். கைப்பைக்குள் எப்போதும் ஓர் அட்டை இருக்கும், பள்ளிக்கூட அலுமாரியில் இன்னோர் அட்டை. தலையிடி வரும்போல இருந்தாலே ஒன்று. "வராமல் தடுக்கத்தான் டொக்டர்" என்றார்.

தலையிடிக்காரர் வெறும் பரசிற்றமோலை மாதம் 15 நாளுக்கு மேலோ, கஃபீன் போன்றவை சேர்ந்த கலப்புக் குளிசையை 10 நாளுக்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கிவிடும். மூட்டு வலிக்கு அதே குளிசை எடுப்பவருக்கு இது நடப்பதில்லை. மைக்ரேன் இயல்பு உள்ள மூளைக்குத்தான் இந்தச் சாபம். பெட்டிக்கடையில் இரண்டு குளிசையைக் கத்தரித்துக் கொடுக்கிற ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், வன்னியில் தினமும் தலையிடி என்று வருபவரிடம் ஸ்கானுக்கு முதல் கேட்க வேண்டியது குளிசை அட்டையைத்தான்.

ஊசிக்கு முந்திய சிகிச்சை

தலையிடி வராமல் காக்கும் தடுப்பு மருந்துகளில் புரோபிரனோலோல் இவருக்குக் கொடுக்க முடியாது, சின்ன வயதில் முட்டு (ஆஸ்துமா) இருந்தது. அமிட்ரிப்டிலின் முன்பு 25 மில்லிகிராமில் தொடங்கிக் காலையில் எழும்ப முடியாமல் விட்டிருக்கிறார். டொப்பிரமேட் எடுத்த காலத்தில் விரல் நுனி கூசியது. அதைவிட, பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது சொல் வாய்க்கு வராமல் நின்றது பயமாக இருந்ததாம். அந்த மருந்தில் இது தெரிந்த பக்கவிளைவுதான். புளுனரிசின் பலன் தரவில்லை, நிறையைத்தான் கூட்டியது. பிறகு 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் எல்லாமே நின்றுவிட்டது.

நாங்கள் செய்தது புதிது ஒன்றுமில்லை. கலப்புக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தினோம். முதல் இரண்டு கிழமைக்குப் பாலமாக நப்ரொக்சன் என்ற வேறொரு வலிக் குளிசை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்காக. டைக்குளோபெனக் எடுத்தும் முட்டு வந்ததில்லை என்பதால்தான் அதற்குத் துணிந்தோம். அமிட்ரிப்டிலினை இந்த முறை 10 மில்லிகிராமில், இரவு எட்டு மணிக்கே போடச் சொன்னோம். தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, வெயிலுக்குத் தொப்பி என்பதெல்லாம் சொன்னோம். அப்புறம், இந்தப் பால மருந்து தவிர, கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் எந்த வலிக் குளிசையும் இல்லை என்ற சட்டம்.

முதல் பத்து நாள் மிக மோசம். குளிசை நிறுத்தும்போது தலையிடி கூடித்தான் பிறகு இறங்கும், அதை முதலே சொல்லி வைத்திருந்தோம். ஆனாலும் நான்காம் நாள் கணவர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சத்திக்கு ஊசியும் சேலைனும் கொடுத்து ஓரிரவு வைத்திருந்து அனுப்பினோம். அந்த இரவில் வார்டில் ஒரு தாதி பனடோல் இரண்டைக் கொடுக்கப் போனபோது "வேண்டாம் மிஸ், டொக்டர் ஏசுவார்" என்று அவரே மறுத்தாராம். அதைக் கேட்டபோதுதான் இது சரிவரும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

மூன்றாம் மாத முடிவில் வட்டம் 17, இரட்டை வட்டம் 9, புள்ளடி 8. நல்ல முன்னேற்றம். ஆனாலும் 15க்கு மேல்தான் நிற்கிறது. நாட்பட்ட மைக்ரேன் என்ற பெயர் இன்னும் பொருந்துகிறது. பல தடுப்பு மருந்து பார்த்தாகிவிட்டது. மூன்று தடுப்பு மருந்தாவது பலிக்காமல், குளிசை மிகைப் பாவனையும் கவனிக்கப்பட்ட பிறகு பொட்டொக்ஸ் கொடுக்கலாம் என்பது பிரித்தானிய அரச மருத்துவ வழிகாட்டல் 2012 முதல் சொல்வது. இப்போது ஊசிக்கு முறையான இடம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பியல் வைத்திய நிபுணருக்குக் கடிதம் எழுதினோம்.

ஊசி எப்படி வேலை செய்கிறது

இது ஒரு பக்டீரியாவின் நஞ்சு. கெட்டுப்போன உணவில் உண்டாகி ஆளையே முடக்கிக் கொல்லும் அதே பொட்டுலினம்தான், மிக மிகக் குறைந்த அளவில். கண் மருத்துவர் அலன் ஸ்கொட் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்திக் காட்ட, 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் "தலையிடியும் குறைந்துவிட்டது" என்று சொன்னதை 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வில்லியம் பைண்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் கவனித்தார். மைக்ரேன் ஆராய்ச்சி அங்கிருந்துதான் கிளம்பியது. அழகு தேடிப் போனவர்கள் கண்டுபிடித்த மருந்து என்றே சொல்லலாம்.

நரம்பு நுனியில் வேதிப்பொருள்கள் சிறு சிறு பைகளில் காத்திருக்கின்றன. பை நுனியோடு ஒட்டினால்தான் உள்ளே இருப்பது வெளியே கொட்டும். ஒட்ட வைக்கிற புரதங்களில் ஒன்று ஸ்நாப்-25. பொட்டொக்ஸ் அதை வெட்டிவிடுகிறது. கரையில் கட்டும் கயிறு அறுந்த வள்ளம் சரக்கை இறக்க முடியாத நிலைதான். தசைக்குப் போகும் நரம்பில் இது நடந்தால் தசை தளர்கிறது, முகச் சுருக்கம் போவது அதனால். மைக்ரேனில் முக்கியம் வேறு: முகம், நெற்றி, பிடரி ஆகியவற்றின் வலி நரம்பு நுனிகள் சீ.ஜீ.ஆர்.பி. போன்ற வலிப் பொருள்களைக் கொட்டுவது குறைகிறது. நுனி அமைதியானால் நாளடைவில் மூளைத்தண்டுக்குப் போய்ச்சேரும் கூச்சலும் குறைகிறது. நரம்பு மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் பலன் ஏறத்தாழ மூன்று மாதம்தான். 12 கிழமைக்கு ஒருமுறை போடும் கணக்கு அங்கிருந்து வருகிறது.

எப்போதாவது வரும் மைக்ரேனுக்கு இது பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாதம் நாலு நாள் தலையிடி உள்ளவர் இதற்குக் காசு செலவழிப்பது வீண்.

ஊசி போட்ட நாள்

நோயாளி போட்டுக்கொண்டபோது பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 200 அலகு மருந்து உள்ள குப்பி. பார்த்தால் வெறுங் குப்பி போல, அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும். அதற்குள் 4 மில்லிலீற்றர் சேலைன் விட்டு, குலுக்காமல் மெதுவாக உருட்டிக் கரைத்தார்கள். அப்போது 0.1 மில்லிலீற்றருக்கு 5 அலகு. ஒவ்வொரு குத்துக்கும் அவ்வளவுதான்.

31 குத்து, மொத்தம் 155 அலகு. புருவ முனைகளில் இரண்டு, அவற்றுக்கு நடுவில் மூக்கின் மேல் ஒன்று, நெற்றியில் நான்கு, கன்னப்பொட்டில் பக்கத்துக்கு நான்கு, பிடரியில் பக்கத்துக்கு மூன்று, கழுத்தின் பின்புறம் பக்கத்துக்கு இரண்டு, தோளில் பக்கத்துக்கு மூன்று. மிக மெல்லிய ஊசி. நெற்றிக்குப் படுக்க வைத்தார்கள், பிடரிக்கும் தோளுக்கும் கதிரையில் இருத்தினார்கள். வலப் பிடரியில் நிபுணர் விரலால் தடவித் துண்டு இருக்கும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து தள்ளிக் குத்தினார். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நெற்றிக் குத்து மட்டும் நன்றாக எரிந்ததாம். பஸ்ஸில் வீடு திரும்பினார். அன்று ஊசி போட்ட இடங்களைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் வைத்து அமுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

இதற்குள் ஓர் இடைச்செருகல். "கொழும்பில் மருந்தை வாங்கி ஐஸ் போட்டுக் கொண்டுவந்தால் இங்கேயே போட்டுவிடலாமா?" என்று பிறகு வேறு சிலர் கேட்டார்கள். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். வன்னி வெயிலில் ஐஸ் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கியது என்று யாருக்கும் தெரியாது. மருந்து கெட்டால் நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கவும் மாட்டாது. அதோடு ஒரு கம்பெனியின் அலகு இன்னொரு கம்பெனியின் அலகுக்குச் சமமில்லை. மலிவு என்று அழகு நிலையத்தில் வேறு வகையை "அதே 155" என்று போடக் கூடாது. தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசி வேண்டாம்.

பலனும் பக்கவிளைவும்

முதல் கிழமை கழுத்துப் பாரம். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது தோள் சோர்ந்தது. பத்தாம் நாள் அளவில் இடது கண் இமை லேசாகத் தொங்கியது. முன்பள்ளியில் ஒரு வாண்டு "ரீச்சர், உங்களுக்கு நித்திரை வருதோ?" என்று கேட்டதாம். புருவப் பக்கத்து மருந்து இமையைத் தூக்கும் தசைவரை பரவினால் இப்படி வரும். தானாகவே போகும் என்று சொல்லியிருந்ததால் அவர் பதறவில்லை. மூன்று கிழமையில் சரியாகிவிட்டது. இரண்டாம் முறை நிபுணர் புருவக் குத்துகளைக் கொஞ்சம் மேலே ஏற்றினார், இமை தொங்கவில்லை.

முதல் ஊசிக்குப் பிந்திய மூன்று மாதத்தில் சராசரி 14 வட்டம். 17இல் இருந்து 14, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவருக்கு ஏமாற்றம், மச்சாளிடம் காசு வாங்கியதில் கூச்சம் வேறு. பலன் இரண்டாம் சுற்றில் பிடிப்பவர்களும் உண்டு. இரண்டு சுற்றிலும் 30 சதவீதமாவது குறையாவிட்டால் நிறுத்துவது என்பதே அந்தப் பிரித்தானிய வழிகாட்டலின் எல்லை. அதன்படி இரண்டாவதையும் போட்டோம். அடுத்த மூன்று மாதச் சராசரி 9, இரட்டை வட்டம் 3, புள்ளடி 4. பதினோராம் கிழமை தொடக்கம் வட்டங்கள் மறுபடி நெருங்கின. மருந்து இறங்குகிறது என்பது கலண்டரிலேயே தெரிந்தது.

கணக்கு

22இல் இருந்து 9. குறைந்தது 13 நாள். அதில் 5 நாள் ஊசிக்கு முதலே போய்விட்டது, குளிசையை நிறுத்தியதாலும் அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் அமிட்ரிப்டிலினாலும். மிச்சம் 8 நாளை ஊசிக்கு எழுதலாம், ஆனால் முழுவதையும் அல்ல.

ஏனென்றால் இந்த மருந்துக்கு அனுமதி வாங்கித் தந்த இரண்டு பெரிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், 1,384 பேரில், 24ஆம் கிழமையில் மருந்து போட்டவர்களுக்குத் தலையிடி நாள் 8.4 குறைந்தது. வெறும் சேலைன் போட்டவர்களுக்கும் 6.6 குறைந்தது. வித்தியாசம் இரண்டு நாள்கூட இல்லை. தலையிடி நாள் பாதியாகக் குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 47 சதவீதம், மற்றதில் 35. மருந்து வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் 31 தடவை குத்தும் சடங்கும் எதிர்பார்ப்பும் வேலை செய்கின்றன. நெற்றிச் சுருக்கம் மறைந்தால் தனக்கு உண்மை மருந்துதான் போட்டிருக்கிறார்கள் என்று நோயாளி ஊகித்தும் விடுவார்.

அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குளிசையை மிகையாக எடுத்தவர்கள்தான், அவர்களுக்கும் ஊசி உதவியது. ஆகவே குளிசையை நிறுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான வாதம். ஆனால் நெதர்லாந்தின் லைடன் நகரக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. குளிசை மிகைப் பாவனை உள்ள 179 பேரையும் குளிசையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாதிப் பேருக்குப் பொட்டொக்ஸ் போட்டார்கள். மற்றப் பாதிக்குச் சேலைன், நெற்றியில் மட்டும் சிறிதளவு மருந்து. சுருக்கத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் அந்தத் தந்திரம். மூன்று மாதத்தில் இரண்டு குழுவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

எங்கள் நோயாளிக்கு நிறுத்திய பிறகும் 17 நாள் மிச்சம் இருந்தது, அதனால் ஊசிக்கு நியாயம் உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மருந்து என்றால் இலவச வேலையை முதலில் முடிப்பதே சரி என்பது என் கட்சி. கனடாக் காசு எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. வருகிற வீட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்காது. சீ.ஜீ.ஆர்.பி.யைத் தடுக்கும் புதிய ஊசிகள் 2018 முதல் உலகில் இருந்தாலும் இங்கே அவற்றின் விலையைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இப்போதைய நிலை

மூன்றாவது ஊசியும் போட்டாகிவிட்டது. அதன் பிறகு 8, 7, 8 வட்டம். மூன்று மாதம் தொடர்ந்து 15க்குக் கீழே நின்றால் அது இனி நாட்பட்ட மைக்ரேன் அல்ல, ஊசியை நிறுத்திப் பார்க்கலாம். நாலாவதைப் போடவில்லை. அவருக்குப் பயம்தான், ஆனாலும் சம்மதித்தார். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் கிழமைக்கு இரண்டு நாள் சட்டமும் தொடர்கின்றன. ஆறு கிழமைக்கு ஒருமுறை கலண்டரைக் கழற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு வருகிறார். மறுபடி 15ஐத் தாண்டினால் முதலில் நீலப் புள்ளடிகளை எண்ணுவோம், அவை சரியாக இருந்தால் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதுவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். செல் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி இப்போது அவர் கேட்பதில்லை, கணவர்தான் இடைக்கிடை கேட்கிறார்.